பழசைக் கொடுத்துவிடுங்கள்

கடக்.
கன்னியக்கோயில் வேகத்தடையில்தான் முதலில் கேட்டது.
ரேடியோவைக் கூட்டி வைத்தேன்.
மூன்று வாரம் நல்ல வைத்தியமாக இருந்தது அது.

அரியாங்குப்பம் பாலத்தில்
பக்கத்தில் வந்த ஸ்கூட்டர்க்காரர்
திரும்பிப் பார்த்து உச்சுக் கொட்டிய அன்று
முதலியார்பேட்டையில் கொண்டுபோய் விட்டேன்.

செபஸ்தியான் அடியில் படுத்து டார்ச் அடித்தார்.
"கடலூரா? கடலோரமா நிறுத்துவீங்களா?"
தேவனாம்பட்டினத்தில் வேறு ஓரம் எங்கே இருக்கிறது.
"உப்பு தின்னிருக்கு மேடம். பதினெட்டாயிரம் ஆகும்.
எஸ்டிமேட்தான்.
உள்ள திறந்து பாத்தாதான் தெரியும்."

அது என் வாக்கியம்.
பன்னிரண்டு வருஷமாய்
ஆஸ்பத்திரி பில்லிங் கவுண்டரில்
கண்ணாடித் துளை வழியே
நாளைக்கு இருபது தடவை நான் சொல்வது.
அதற்குப் பல் இருப்பது
அன்றைக்குத்தான் தெரிந்தது.

திறந்து பார்த்தார்கள்.
முப்பத்தோராயிரத்து நானூற்று அறுபது.

லோயர் ஆர்ம் இரண்டு. லிங்க் ராடு.
ஷாக் அப்சார்பர் ஜோடி.
ஸ்ட்ரட் மவுண்ட்: அப்படி ஒன்று என்னிடம் இருந்ததே
அது போன பிறகுதான் தெரியும்.
லேபர். ஜி.எஸ்.டி.
கடைசியில், இதரப் பொருட்கள் அறுநூற்று நாற்பது.
எங்கள் பில்லிலும் உண்டு அந்த வரி:
கையுறை, பஞ்சு,
யாரும் கேட்கமாட்டார்கள் என்ற நம்பிக்கை.

கேட்டேன்.
"துணி, கிரீஸ்" என்றார்.
"அறுநூத்தி நாப்பதுக்கா துணி?"
அவர் கையிலிருந்த கந்தலை நானும் பார்த்தேன்
அவரும் பார்த்தார்.
நாற்பது குறைந்தது.

வித்துத் தொலையேன் என்றாள் தங்கை, போனில்.
ரிப்பேர் பண்ணாமல் எவனும் வாங்கமாட்டான்.
பண்ணிவிட்டால் எதற்கு விற்க?
சீட்டைத் தள்ளி எடுத்ததில் பதினைந்து.
மிச்சம் கார்டில், ஆறு மாதத் தவணை.
"தவணை வசதி இருக்கு மேடம்" என்றார் செபஸ்தியான்
பிரசாதம் நீட்டுகிற குரலில்.
அந்தக் குரலும் நான் பழகியதுதான்.

போன செவ்வாய்
நடுவீரப்பட்டு ஏகாம்பரம், முந்திரித்தோப்புக் குத்தகை,
நாற்பத்தெட்டாயிரம் கட்டி முடித்து
ரசீதை நான்காய் மடித்துச் சட்டைப்பையில் வைத்து
துளைக்குக் குனிந்தார்.
"அந்தக் கல்ல குடுப்பாங்களாம்மா?"
"எதுக்குங்க?"
"காசு குடுத்திருக்கேன்ல."

ஏழு மில்லிமீட்டர்.
மருந்துக்குப்பியில் போட்டுக் கொடுத்தார்கள்.
வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டே
படி இறங்கினார்.
நானும் வெண்ணிலாவும் சாப்பாட்டு நேரம் வரை
அடக்கி வைத்திருந்து சிரித்தோம்.
எனக்குப் புரையேறியது.

கார்டைச் செருகி, எண்ணை அழுத்தி,
ரசீதை மடிக்கிறேன்
(நான்காக என்பதைப் பிறகுதான் கவனித்தேன்)
வாய் தானாகச் சொன்னது:
"பழசைக் கொடுத்துவிடுங்கள்."

ஸ்பேனர் துடைத்துக்கொண்டிருந்த பையன் சிரிக்கவில்லை.
சாப்பாட்டு நேரத்துக்கு எடுத்து வைத்துக்கொண்டான்.
அந்த முகம் எனக்குத் தெரியாதா.

சிமெண்ட் சாக்கில் கட்டி டிக்கியில் வைத்தார்கள்.

மரப்பாலம் சிக்னல். பாலம். தவளக்குப்பம்.
ஒரு முனகல் இல்லை.
வேறு யாருடைய வண்டியையோ
கேட்காமல் எடுத்து வந்ததுபோல் இருந்தது.
கன்னியக்கோயில் வேகத்தடையில் மெதுவாகத்தான் ஏற்றினேன்.

கடக்.

நெஞ்சு நின்று,
முப்பத்தோராயிரம் நின்று,
அப்புறம்தான் காது வேலை செய்தது:
சத்தம் பின்னாலிருந்து.

சாராயக்கடையோரம் நிறுத்தி டிக்கியைத் திறந்தேன்.
சாக்கு உருண்டு கிடந்தது.
உள்ளே அந்த லோயர் ஆர்ம்,
நினைத்ததைவிடச் சின்னது.
தொட்டதும் துரு செதிலாய் விரலில் வந்தது.
இரண்டு குடிமகன்கள் எட்டிப் பார்த்து
மீன் இல்லை என்று தெரிந்து போனார்கள்.

தூக்கி முன் சீட்டில் வைத்துக் கிளம்பினேன்.
பத்தடி போகவில்லை,
பக்கத்தில் இருப்பவர் பெல்ட் போடவில்லையென்று
வண்டி கீச்சிட ஆரம்பித்தது.

போட்டுவிட்டேன்.